ஆல்டோவின் அகலமும் சைக்கிளின் நீளமும்: சின்னக் காருக்கு எந்த ரேக்?

சென்னையில் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கு, அந்தச் சைக்கிளையே காரில் ஏற்றிக்கொண்டு போக வேண்டிய நாள் என்றைக்காவது வந்துவிடுகிறது. ஞாயிறு விடியற்காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் வரை போய்த் திரும்புவதற்குக் கார் எதுவும் வேண்டியதில்லை. வீட்டு வாசலிலிருந்தே மிதித்துப் போய்விடலாம். ஆனால் சமதளத்திலேயே ஓட்டி அலுத்துப்போய், ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளையோ கொல்லிமலையின் 70 வளைவுகளையோ ஒருமுறையேனும் மிதித்து ஏறிப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டால், மலையடிவாரம் வரை சைக்கிளைக் கொண்டுசேர்க்க ஒரு வழி தேவைப்படுகிறது. பெரிய கார் வைத்திருப்பவர்களுக்கு அது கடைக்குப் போய், சைக்கிளைக் காரில் மாட்டும் சட்டமான ரேக் ஒன்றை வாங்கிவருவதோடு முடிந்துவிடும். எங்கள் வீட்டில் இருப்பது மாருதி ஆல்டோ 800. அதற்கு எந்த ரேக் பொருந்தும் என்று தேடிப் பார்த்து, சிலவற்றைப் பொருத்திப் பார்த்து, ஒன்றில் கையைச் சுட்டுக்கொண்டு தெரிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறேன். ஆல்டோவை வைத்துச் சொன்னாலும், அதே அளவுள்ள எந்தக் காருக்கும் இவற்றில் பெரும்பாலானவை பொருந்தும்.

ரேக்குகளைப் பார்க்கத் தொடங்குவதற்கு முன் ஒரு டேப்பை எடுத்து இரண்டு அளவுகளைப் பார்த்துவிடுவது நல்லது. 2012-இல் வந்த ஆல்டோ 800-இன் நீளம் 3,395 மில்லிமீட்டர், அகலம் 1,490, உயரம் 1,475. சாலைகளுக்கான கியர் சைக்கிள் ஒன்றின் இரண்டு சக்கர அச்சுகளுக்கும் இடையே ஏறத்தாழ ஒரு மீட்டர் இருக்கும். இவற்றில் வழக்கமாக இருக்கும் 700சி என்ற அளவுச் சக்கரத்தின் விட்டம் டயரோடு சேர்த்து 68 சென்டிமீட்டர் அளவில் வரும் என்பதால், முன்டயரின் நுனியிலிருந்து பின்டயரின் நுனி வரை சைக்கிளின் மொத்த நீளம் 1,680 மில்லிமீட்டருக்குக் குறையாது. மலைப்பாதைச் சைக்கிள் என்றால் இன்னும் நீளம். அதாவது, காரின் பின்னால் குறுக்காகத் தொங்கவிட்டால் சைக்கிள் காரைவிட அகலமாக இருக்கும். இரண்டு பக்கமும் ஏறத்தாழ பத்து பத்து சென்டிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இன்னோவா வைத்திருப்பவருக்குத் தோன்றவே தோன்றாத இந்தச் சிக்கல்தான் சின்னக் கார்க்காரரின் முடிவுகள் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ரேக் எத்தனை கிலோ தாங்கும் என்பதைப் பற்றித்தான் கடைக்காரர்கள் பேசுகிறார்கள். ரேக் தாங்கிவிடும், காரின் உடல்தான் போதாது.

பத்து சென்டிமீட்டர்தானே என்று இருந்துவிடவும் முடியாது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, அனுமதிக்கப்பட்ட அளவை மீறிப் பக்கவாட்டிலோ முன்னாலோ பின்னாலோ மேலேயோ நீட்டிக்கொண்டிருக்கும் சுமையோடு வண்டியை ஓட்டினால் அபராதம் 20,000 ரூபாய், சுமையை இறக்கும் செலவும் தனி. சட்டத்தைவிட எனக்குப் பெரிய கவலை, நம் ஊர்ப் போக்குவரத்து. சிக்னலில் காரின் இரண்டு ஓரங்களையும் உரசிக்கொண்டு முன்னால் போய் நிற்கும் இருசக்கர வண்டிக்காரர், கார் முடிகிற இடத்தில் வண்டியும் முடிகிறது என்று நம்பித்தான் வருகிறார். அவருடைய முட்டிக்கு நேரே ஒரு டயர் நீட்டிக்கொண்டிருப்பதை அவர் எதிர்பார்ப்பதில்லை. எனவே ஆல்டோ போன்ற காரின் பின்னால் எந்த ரேக்கைப் பயன்படுத்தினாலும் முன்சக்கரத்தைக் கழற்றிவிட வேண்டும் என்பதை நான் விதியாகவே வைத்துக்கொண்டுவிட்டேன். முன்சக்கரம் போனதும் நீளம் 1,350 மில்லிமீட்டர் அளவுக்குக் குறைந்து, காரின் அகலத்துக்குள் சைக்கிள் அடங்கிவிடுகிறது.

முன்சக்கரத்தைக் கழற்றத்தான் போகிறோம் என்றாகிவிட்டால், பின்சக்கரத்தையும் கழற்றி, சைக்கிளைக் காருக்குள்ளேயே வைத்துவிட்டால் என்ன என்ற கேள்வி தானாக வந்து நிற்கிறது. ஒரே ஒரு சைக்கிள், ஓட்டுபவர் ஒருவர் அல்லது இருவர் என்றால் இதுதான் சிறந்த வழி என்பது என் தீர்மானமான கருத்து. ரேக்குக்குச் செலவு இல்லை, பெயிண்டில் கீறல் இல்லை, மழை இல்லை, காற்றுத் தடை இல்லை, டீக்கடையில் நிறுத்திவிட்டுத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஆல்டோவின் டிக்கி வெறும் 177 லிட்டர்தான். அதில் சைக்கிளின் சக்கரம் ஒன்றைக்கூடப் படுக்க வைக்க முடியாது. ஆனால் பின்னிருக்கையின் சாய்மானத்தை மடக்கிவிட்டால் அது வேறு காராகிவிடுகிறது.

செய்முறையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் முதல்முறை முயன்றுபார்த்து முடியவில்லை என்று கைவிட்டவர்கள் பலரை நான் பார்த்திருக்கிறேன். டிக்கியை மூடும் தட்டை எடுத்து வீட்டில் வைத்துவிடவும். மடக்கிய இருக்கையின்மேல் ஒரு பழைய போர்வையை விரிக்கவும். பின்சக்கரத்தைக் கழற்றுவதற்கு முன் செயினை மிகச் சிறிய பல்சக்கரத்துக்கு மாற்றிவிட்டால் சக்கரம் தடையில்லாமல் வெளியே வரும். இதை மறந்துவிட்டால் கை முழுக்கக் கருப்பு மசிதான். சீட் கம்பியில் இப்போதைய உயரத்தைக் குறிக்க ஒரு சுற்று டேப் ஒட்டிவிட்டு, சீட்டைக் கம்பியோடு உருவிவிடவும். ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் உள்ள சைக்கிள் என்றால், சக்கரம் இல்லாத நேரத்தில் பிரேக் லிவர் தப்பித்தவறி அழுந்தினாலும் பேடுகள் இரண்டும் ஒட்டிக்கொண்டுவிடும். பிறகு டிஸ்க் உள்ளே நுழையாது. அதைத் தடுக்கப் பேடுகளுக்கு நடுவே மடித்த அட்டை ஒன்றைச் செருகி வைத்தால் போதும். செயின் பக்கம் மேலே இருக்கும்படி சைக்கிளைப் படுக்க வைத்து, ஹேண்டில்பாரைத் திருப்பி, குறுக்குக் கோணத்தில் உள்ளே தள்ள வேண்டும். சக்கரங்கள் இரண்டும் முன்னிருக்கைகளின் முதுகுக்குப் பின்னால் செங்குத்தாக நின்றுகொள்ளும். பின்கதவை அறைந்து மூடக் கூடாது. மெதுவாக இறக்கிப் பார்த்து, முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவையான ஃபோர்க்கின் நுனி கண்ணாடியில் படவில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் அழுத்த வேண்டும். எனக்கு ஒருமுறை விரலளவு இடைவெளியில் கண்ணாடி தப்பியது.

பழகிவிட்டால் இதெல்லாம் பத்து நிமிட வேலை. கையாலேயே சக்கரத்தை விடுவிக்கும் குவிக் ரிலீஸ் இல்லாமல் நட்டு வைத்த சைக்கிள் என்றால் 15 எண் ஸ்பேனர் ஒன்றைக் காரிலேயே போட்டுவைக்க வேண்டும். சைக்கிளைச் சும்மா கிடத்திவிட்டுப் போவதும் சரியல்ல; பலமாகப் பிரேக் போடும்போது 14 கிலோ இரும்பு நம் முதுகை நோக்கித்தான் வரும். பின்னிருக்கையின் சீட் பெல்ட்டைச் சட்டத்தின் வழியாக நுழைத்துப் பூட்டிவிட்டால் அந்தப் பயம் இல்லை. 29 அங்குலச் சக்கரமும் முக்கால் மீட்டர் ஹேண்டில்பாரும் உள்ள மலைப்பாதைச் சைக்கிளுக்கு மட்டும் இந்த முறை பெரும் போராட்டமாகிவிடும். ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெம்மின் போல்ட்டுகளைத் தளர்த்தி அதைச் சட்டத்துக்கு இணையாகத் திருப்பினால்தான் கதவு மூடும், திரும்பக் கட்டும்போது ஹேண்டில்பாரை நேராக்குவது அடிவாரத்தின் அரையிருட்டில் எரிச்சல் தரும் வேலை.

இரண்டு பேர், இரண்டு சைக்கிள் என்றவுடன் கதை மாறுகிறது. இரண்டையும் உள்ளே அடுக்கிப் பார்த்தேன். நடுவே இன்னொரு போர்வை போட்டு, ஒன்றின் பெடலை மற்றொன்றின் முக்கோணத்துக்குள் நுழைத்து அடுக்கியும், முன்னிருக்கைகளை முழங்கால் டாஷ்போர்டில் இடிக்கும் அளவுக்கு முன்னே தள்ள வேண்டியிருந்தது. ஏலகிரி வரை 230 கிலோமீட்டரை அப்படி உட்கார்ந்து கடப்பது, மலை ஏறுவதற்கு முன்பே காலைத் தீர்த்துவிடும். ஆகவே வெளியே தொங்கவிடும் ரேக்கைப் பற்றி யோசிக்க வேண்டியதாயிற்று.

பட்டைகளால் பின்கதவில் கட்டும் ரேக்தான் பெரும்பாலானோர் முதலில் வாங்குவது. நானும் அதைத்தான் வாங்கினேன். விலை குறைவு, ஐந்து கிலோ அளவுதான் எடை, வேண்டாத நாளில் மடித்துப் பரணில் போட்டுவிடலாம். அது நிற்கும் விதத்தைப் புரிந்துகொண்டால் எங்கே தவறும் என்பதும் புரிந்துவிடும். மேலே உள்ள இரண்டு பட்டைகளின் கொக்கிகள் பின்கதவின் மேல்விளிம்பில் மாட்டிக்கொள்கின்றன. சைக்கிள்களின் எடை முழுவதும் ஏறக்குறைய அந்த இரண்டு கொக்கிகளில்தான் தொங்குகிறது. கீழே உள்ள பஞ்சு உருளைகள் பம்பரிலோ கதவின் அடிப்பகுதியிலோ அழுந்தி நிற்கின்றன. பக்கப் பட்டைகள் ஆட்டத்தைத் தடுக்கின்றன, கீழ்ப்பட்டைகள் மேலே துள்ளவிடாமல் பிடிக்கின்றன. ஆல்டோ போன்ற காரில் அந்த மேல்விளிம்பு என்பது மெல்லிய தகடு. அதற்கு ஓரிரு விரல் கீழேயே கண்ணாடி தொடங்கிவிடுகிறது. கொக்கி இரும்பு விளிம்பில்தான் மாட்ட வேண்டுமே தவிர, கண்ணாடியின் ஓரத்திலோ, அதற்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் இறக்கையான ஸ்பாய்லரிலோ மாட்டக் கூடாது. ஸ்பாய்லர் வைத்த காராக இருந்தால், சாதாரண ரேக் அதன்மேல் ஏறி உட்கார்ந்து அதை அழுத்தி விரிசல் விட வைத்துவிடும். அமெரிக்க நிறுவனமான சாரிஸின் போன்ஸ் ரேக் வில்லைப்போல வளைந்த சட்டத்தோடு வருவதற்குக் காரணம் இதுதான். வளைவு ஸ்பாய்லரைத் தொடாமல் தாண்டிப்போய்க் கீழே காலூன்றுகிறது. எந்த ரேக்காக இருந்தாலும், எந்தெந்தக் கார்களுக்குப் பொருந்தும் என்று தயாரிப்பாளர் தரும் பட்டியலில் உங்கள் காரின் பெயரும் ஆண்டும் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு வாங்குவது, பிறகு டிங்கரிங் பட்டறையில் போய் நிற்பதைவிடச் சிக்கனம்.

பின்னால் தொங்கும் எடை காரை என்ன செய்கிறது என்பதையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். ரேக்கும் இரண்டு சைக்கிள்களும் சேர்ந்து 33 கிலோ என்று கொள்வோம். அந்தச் சுமையின் மையம் பின் அச்சுக்கு 80 சென்டிமீட்டர் பின்னால் இருந்தால், ஆல்டோவின் இரு அச்சுகளுக்கும் இடையே 2,360 மில்லிமீட்டர் என்பதால், பின்சக்கரங்களில் கூடுவது 33 அல்ல, 44 கிலோ. முன்சக்கரங்களில் 11 கிலோ குறைகிறது. சிறுவர்கள் ஆடும் சீசா போலத்தான். ஏறக்குறைய 700 கிலோ எடையுள்ள, முன்சக்கரங்களால் இழுக்கப்படும் காருக்கு இது ஆபத்தான அளவில்லை என்றாலும், டிக்கியிலும் பைகளை அடைத்துவிட்டு வேகத்தடையில் ஏறி இறங்கினால் பின்பக்கம் எவ்வளவு தாழ்கிறது என்பது உடனே தெரிந்துவிடும். பைகளைப் பின்னிருக்கையின் கால்வைக்கும் இடத்தில் வைப்பதும், பின்டயர்களில் முழுச்சுமைக்குச் சொல்லப்பட்ட காற்றழுத்தத்தை வைப்பதும் உதவும்.

நான் கையைச் சுட்டுக்கொண்டது இந்த ரேக்கில்தான், ஆனால் குற்றம் ரேக்கின்மேல் இல்லை. முதல் பயணத்தில் வீட்டு வாசலில் பட்டைகளை இறுக்கிவிட்டு நேரே நெடுஞ்சாலைக்குப் போய்விட்டேன். புதிய பட்டைகள் முதல் சில கிலோமீட்டர்களில் இழுபட்டுக் கொஞ்சம் நெகிழும் என்பது எனக்குத் தெரியாது. வாலாஜா அருகே நிறுத்தி இறங்கிப் பார்த்தபோது, உள்பக்கம் மாட்டியிருந்த சைக்கிளின் பெடல், அதைத் தாங்கும் கையான கிராங்க் காற்றில் சுற்றிச் சுற்றி, பம்பரில் காம்பஸ் வைத்து வரைந்ததுபோல அழகான ஓர் அரைவட்டத்தைக் கீறியிருந்தது. அந்தக் கீறல் இன்னும் இருக்கிறது. அதன்பிறகு மூன்று காரியங்களைத் தவறாமல் செய்கிறேன். பழைய டியூபைக் கீற்றாக வெட்டி வைத்துக்கொண்டு, கிராங்கைச் சட்டத்தோடு கட்டிவிடுகிறேன். பத்தாவது கிலோமீட்டரில் நிறுத்தி எல்லாப் பட்டைகளையும் மறுபடி இறுக்குகிறேன். ரேக்கின் பஞ்சு படப்போகும் இடங்களை ஈரத்துணியால் துடைத்துவிட்டுத்தான் ரேக்கையே வைக்கிறேன். நம் ஊர்ப் புழுதியின்மேல் பஞ்சை வைத்து 200 கிலோமீட்டர் அதிரவிட்டால் அது பஞ்சாக இருக்காது, உப்புத்தாளாகிவிடும். இன்னொரு சின்ன விஷயம்: தட்டையாக இழுத்துக் கட்டிய பட்டை 60 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டியதும் காற்றில் உறுமத் தொடங்கும், கூரைக்குள் வண்டு புகுந்துவிட்டதோ என்று தோன்றும் அளவுக்கு. பட்டையை மாட்டும்போதே ஒரு முறுக்கு கொடுத்துவிட்டால் அந்தச் சத்தம் அடங்கிவிடுகிறது.

என் மனைவியின் சைக்கிளில் மேல்கம்பி தாழ்ந்து சரிந்திருப்பதால் ரேக்கின் கைகளில் அது கோணலாகத் தொங்கி, பின்சக்கரம் சைலன்சருக்கு அருகே இறங்கியது. சீட் கம்பியையும் ஹேண்டில்பாரையும் இணைக்கும் தற்காலிகக் கம்பி ஒன்று தனியாகக் கிடைக்கிறது. அதைப் போட்டால் சைக்கிள் நேராக நிற்கும். சைலன்சர் வாய்க்கு நேரே டயர் வராமல் பார்த்துக்கொள்வது மிக முக்கியம், சூட்டில் டயரின் பக்கச்சுவர் கெட்டுவிடும். கார்பன் சட்டமுள்ள சைக்கிளை இந்த வகை ரேக்கின் கைகளில் இறுக்கித் தொங்கவிடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பட்டறைக்குப் போய் நிமிர்த்திக்கொள்ளக்கூடிய பொருள் அல்ல அது.

பின்ரேக்கின் பெரிய குறை இதெல்லாம் அல்ல, அது மறைக்கும் பொருள்கள்தான். இரண்டு சைக்கிள்கள் தொங்கும்போது பின்கண்ணாடி வழியாகச் சக்கரக் கம்பிகள்தான் தெரிகின்றன; பின்வைப்பர் உள்ள காரில் அது பயனற்றதாகிறது; விளக்குகளில் ஒன்றேனும் பாதி மறைகிறது; நம்பர் பிளேட்டும் மறையக்கூடும். ஐரோப்பிய நாடுகளில் ரேக்கின் வெளிப்புறத்தில் மாட்டும் விளக்குப் பலகையும் அதில் மறுபடி ஒரு நம்பர் பிளேட்டும் சர்வ சாதாரணம். இங்கே 2019 ஏப்ரல் 1 முதல் புதிய வண்டிகளில் கழற்ற முடியாத பூட்டோடு உயர்பாதுகாப்பு நம்பர் பிளேட் பொருத்தப்படுகிறது. எண்ணை அட்டையில் எழுதித் தொங்கவிடுவது அதற்கு மாற்றாகாது. எனவே ரேக்கின் கைகளை எவ்வளவு மேலே தூக்கிவைக்க முடியுமோ அவ்வளவு மேலே வைத்து, சைக்கிள்களின் அடிப்பகுதி பிளேட்டுக்கும் விளக்குகளுக்கும் மேலே நிற்கும்படி செய்ய வேண்டும். முன்சக்கரம் கழற்றப்பட்டிருப்பது இங்கேயும் கைகொடுக்கிறது. இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடுவது என்று நாங்கள் வைத்திருப்பதும் இதனால்தான்.

இதற்கு எதிரே வைத்துப் பார்க்க வேண்டியது கூரை ரேக். அம்பாசடர் காலத்து டாக்சிகளின் தலையில் இருந்த கேரியரை நினைவிருக்கிறதா? அந்தக் கார்களின் கூரை ஓரத்தில் மழைநீர் ஓடுவதற்கான கால்வாய்போன்ற விளிம்பு இருந்ததால் கேரியரின் கால்களை அதில் பிடிக்கவைத்துவிடலாம். ஆல்டோவின் கூரையில் அந்த விளிம்பும் இல்லை, நீளவாட்டுக் கம்பிகளும் இல்லை. கதவைத் திறந்து, கதவுச் சட்டத்தின் மேல்விளிம்பில் கவ்விப் பிடிக்கும் கால்களோடு வரும் குறுக்குக் கம்பிகளைத்தான் பொருத்த வேண்டும். 1942-இல் ஸ்வீடனில் தொடங்கப்பட்ட தூலே போன்ற நிறுவனங்கள் அந்தக் கால்களைக் காருக்குக் கார் தனித்தனி அளவில் விற்கின்றன. கம்பிகள், அவற்றின்மேல் சைக்கிளுக்கு ஒன்றாக ஒரு தட்டு என்று சேர்த்தால், செலவு பட்டை ரேக்கைப்போலப் பல மடங்கு ஆகும்.

ஆனால் அது தரும் நிம்மதி பெரிது. விளக்கு மறையாது, நம்பர் பிளேட் மறையாது, டிக்கியைத் திறந்து மூடலாம், பின்னால் வரும் இருசக்கர வண்டிக்காரரின் முட்டிக்கு ஆபத்து இல்லை, சைக்கிள்கள் ஒன்றோடொன்று உரசுவதில்லை. நீளவாட்டில் நிற்பதால் சைக்கிளின் 1,680 மில்லிமீட்டர் இங்கே ஒரு சிக்கலே இல்லை. சின்னக் காருக்கே உரிய ஒரு சாதகமும் இருக்கிறது: கூரை 1,475 மில்லிமீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது என்பதால் நடுத்தர உயரமுள்ளவர்கூட ஏணி இல்லாமல் சைக்கிளைத் தூக்கி வைத்துவிடலாம். பெரிய எஸ்யூவிக்காரர்கள் டயரின்மேல் ஏறி நின்று செய்யும் வேலையை ஆல்டோக்காரர் தரையில் நின்றபடி செய்கிறார். சின்னக் கார்களின் கூரைக்கு 50 கிலோவோ அதற்கும் குறைவோதான் வரம்பு இருப்பது வழக்கம். உங்கள் காரின் கையேட்டில் அதைப் பார்த்துவிட்டு, கம்பி, தட்டு, சைக்கிள் மூன்றையும் கூட்டிப் பாருங்கள். சாதாரண எடையுள்ள இரண்டு கியர் சைக்கிள்களுக்கு மேல் அநேகமாக அனுமதி இருக்காது. இரண்டையும் எதிரெதிர்த் திசையில் நிறுத்தினால்தான் குறுகலான கூரையில் ஹேண்டில்பார்கள் மோதாமல் இருக்கும்.

குறைகள் இரண்டு. ஒன்று காற்று. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது. 80 கிலோமீட்டர் வேகத்தில் இருப்பதைவிட 100-இல் அது ஏறக்குறைய 56 விழுக்காடு அதிகம். 796 சிசி மூன்று சிலிண்டர் எஞ்சினுக்கு அந்த வித்தியாசம் நன்றாகவே உறைக்கும். எதிர்க்காற்று அடிக்கும் நாளில் நான்காவது கியருக்கு இறங்கத்தான் வேண்டியிருக்கும். ஆம்னி பஸ் ஒன்று முந்திப் போகும்போது வரும் பக்கக்காற்றில், தலையில் பாய்மரம் வைத்த இந்த எடை குறைந்த கார் ஒரு தரம் அசைந்து கொடுப்பதை ஸ்டியரிங்கில் உணரலாம். 80-ஐத் தாண்டாமல் ஓட்டினால் இதைச் சமாளித்துவிட முடியும்.

மற்றொன்று உயரம், அதுதான் எனக்கு இந்த வழியை அடைத்தது. காரின் 1,475, கம்பிக்கும் தட்டுக்கும் சேர்த்து 100, சைக்கிளின் உயரம் ஒரு மீட்டருக்குச் சற்று மேல் என்று கூட்டினால் 2.6 மீட்டருக்கு வருகிறது. எங்கள் குடியிருப்பின் ஸ்டில்ட் பார்க்கிங்கில் உத்தரத்தின் அடிப்பகுதி 2.2 மீட்டர். ஒவ்வொரு முறையும் தெருவிலேயே ஏற்றித் தெருவிலேயே இறக்கிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மாதம் இருமுறை, விடியற்காலை நான்கு மணிக்குச் செய்வதற்கு அது பரவாயில்லை. திரும்பி வரும்போது, எட்டு மணி நேரக் களைப்பில், பழக்க தோஷத்தில் நேரே உள்ளே ஓட்டிவிடுவோமோ என்பதுதான் பயம். எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படித்தான் ஓட்டினார்: சைக்கிளின் சட்டம் வளைந்தது, கம்பியின் கால் கவ்வியிருந்த இடத்தில் காரின் கூரை சொட்டை விழுந்தது, உத்தரத்தில் கொஞ்சம் சுண்ணாம்பு உதிர்ந்தது. கூரை ரேக் வைத்திருப்பவர்கள் சிலர், கழற்றிய முன்சக்கரத்தை ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் வைத்துக்கொள்கிறார்கள். கண்ணில் படுகிற வரை மேலே சைக்கிள் இருப்பது மறக்காது என்பதற்காக. தனி வீடும் திறந்த வாசலும் உள்ளவருக்கு இந்தக் கவலையே இல்லை. அவருக்கு நான் தயங்காமல் கூரை ரேக்கைத்தான் சொல்வேன்.

கம்பியே வேண்டாம், வெற்றிடத்தால் ஒட்டிக்கொள்ளும் கிண்ணங்களை நேரே கூரையில் பதித்து, ஃபோர்க்கை அதில் பூட்டிவிடலாம் என்று ஒரு வகை வந்திருக்கிறது. கேட்டதும் சிரிப்பு வரும், ஆனால் கணக்கு அதற்குச் சாதகமாகவே இருக்கிறது. 15 சென்டிமீட்டர் விட்டமுள்ள கிண்ணத்தின் பரப்பு ஏறத்தாழ 177 சதுர சென்டிமீட்டர்; வளிமண்டல அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ எடைக்குச் சற்று மேல் என்பதால், முழு வெற்றிடத்தில் ஒரு கிண்ணத்தைப் பிய்த்தெடுக்க 180 கிலோ எடைக்கு ஈடான விசை வேண்டும். நடைமுறையில் முழு வெற்றிடம் வராது, இருந்தாலும் மூன்று நான்கு கிண்ணங்கள் ஒரு சைக்கிளுக்குத் தாராளம். கிண்ணம் பிடித்துக்கொள்ளும், அது பிடித்திருக்கும் தகடு என்ன செய்யும் என்பதுதான் சின்னக் காரில் கேட்க வேண்டிய கேள்வி. ஆல்டோவின் கூரையின் நடுவில் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், தகடு உள்ளே போய்த் திரும்பும். தகட்டில் வரிவரியாக மேடுகள் இருந்தால் அவற்றின்மேல் கிண்ணம் படியாது. ஏப்ரல் மாத மதியத்தில் வேலூர்ப் பக்கம் வெயிலில் நின்ற காரின் கூரையில் உள்ளங்கையை வைக்க முடியாது. அந்தச் சூட்டிலும் புழுதியிலும் ரப்பர் கிண்ணத்தை நம்பி நிம்மதியாக ஓட்ட எனக்கு மனம் வரவில்லை. பம்பில் உள்ள நிற வளையம் வெளியே தெரிகிறதா என்று நிறுத்தி நிறுத்திப் பார்ப்பது, பட்டையை இறுக்குவதைவிட மேலான வேலையும் அல்ல. மாதக்கணக்கில் ரேக்கே வேண்டாம், எப்போதாவது ஒரு நாள் வேறொருவர் காரில் மாட்ட வேண்டும் என்பவருக்கு இது பொருந்தலாம்.

இழுவைக் கொக்கியில் மாட்டும் ரேக்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வெளிநாட்டுப் படங்களில் மிக அழகாக இருப்பது அதுதான். தாழ்வாக இருப்பதால் சைக்கிளை ஏற்றுவது எளிது, காரின் பெயிண்டையே தொடாது. ஆனால் ஆல்டோவுக்குக் கொக்கியே இல்லை. வெல்டிங் பட்டறையில் அடித்துக்கொடுக்கும் கொக்கியை இந்தக் காரின் மெல்லிய அடிச்சட்டத்தில் பொருத்தி, பதினைந்து கிலோ ரேக்கையும் இரண்டு சைக்கிள்களையும் இன்னும் பின்னால் தள்ளித் தொங்கவிடுவது, மேலே போட்ட கணக்கை மோசமாக்குவதைத் தவிர வேறொன்றும் செய்யாது.

டாடா நானோ வைத்திருக்கும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. 2009-இல் வந்த முதல் நானோக்களுக்குப் பின்கதவு திறக்காது. திறக்கும் கதவு 2015-இல்தான் வந்தது. திறக்காத கதவில் கொக்கி மாட்ட விளிம்பு இல்லை என்பதால் பட்டை ரேக் என்ற பேச்சுக்கே இடமில்லை. பின்னால் எஞ்சின் வேறு இருக்கிறது. ஆனால் உயரமான கார் என்பதால், பின்னிருக்கையை மடக்கிவிட்டு, சக்கரம் கழற்றிய சைக்கிளைப் பக்கக் கதவு வழியாக நுழைக்க முயல்வதுதான் அவர்களுக்கு மிச்சமிருக்கும் வழி.

எங்கள் வீட்டில் இப்போது நடப்பது இதுதான்: நான் மட்டும் போனால் சைக்கிள் உள்ளே, இருவரும் போனால் பட்டை ரேக், முன்சக்கரங்கள் இரண்டும் பின்னிருக்கையில். மழை வரும்போல இருந்தால், சங்கிலியும் பேரிங்கும் உள்ள அடிப்பகுதிக்குப் பாலிதீன் உறை கட்டுகிறேன், முழுச் சைக்கிளையும் மூடுவதில்லை. மூடினால் அது காற்றில் குடையாகிவிடும். டீ குடிக்க நிறுத்தும் இடங்களில் சைக்கிள்கள் இரண்டையும் ரேக்கோடு சேர்த்து ஒரு கேபிள் பூட்டுப் போடுகிறோம், பட்டையை அறுக்க ஒரு பிளேடு போதும் என்பதால்.

அண்மையில் நண்பர் ஒருவர் தன்னையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். மூன்று சைக்கிள் தாங்கும் பட்டை ரேக்குகள் கடையில் இருக்கின்றன, ஆனால் மூன்றாவது சைக்கிள் இன்னும் ஒரு சாண் பின்னால் தொங்கும். ஆல்டோவின் மேல்விளிம்புத் தகட்டை அவ்வளவு சோதிக்க நான் தயாராக இல்லை. மூன்று சைக்கிளோ அதற்கு மேலோ ஆனதும் நாங்கள் குட்டியானை ஒன்றை வாடகைக்கு எடுத்துவிடுகிறோம். சைக்கிள்களை முன்னும் பின்னுமாக மாற்றி மாற்றி நிறுத்தி, நடுநடுவே போர்வைகளைச் செருகி, நைலான் கயிற்றால் பக்கக் கம்பிகளில் கட்டிவிட்டால் ஆறேழு சைக்கிள்கள் சக்கரம் கழற்றாமலே போய்ச் சேர்ந்துவிடுகின்றன. செலவைப் பங்கிட்டால் ஆளுக்கு வரும் தொகை பெரிதாக இருப்பதில்லை. ஓட்டுநரிடம் முதலிலேயே சொல்ல வேண்டியது ஒன்றுதான்: திரும்பும்போது காய்கறி லோடு ஏற்றிக்கொள்ளக் கூடாது.